சிகாகோவை நோக்கிய ஒரு பாட்டு
(சங்க ஆண்டு விழாவில், இசைப் பகுதியினர் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக அச்சாகியிருக்கும் உருப்படியைக் கண்டு உங்களிற் சிலர் புருவம் உயர்த்தியிருப்பீர்கள். "கிதார் இசை: சுவீட் ஹோம் சிகாகோ" என்று அங்கே காண்கிறது. கடவுள் வாழ்த்து, வாய்ப்பாட்டு, வீணை, குழந்தைகளின் கும்மி ஆகியவற்றுக்கு நடுவே இஃது எங்ஙனம் நுழைந்தது என்று செயற்குழுவிலேயே வினா எழுந்தது. நான்கு மாதங்களாக இப்பாட்டைப் பயின்றுவரும் நம் இளைஞர் மூவரும் மேடையேறுமுன், இதைப் பற்றிச் சில சொல்லுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள்.

முதலில் பாட்டின் பிறப்பைக் கூறுவோம். 1936-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள், அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், கன்ட்டர் என்னும் விடுதியின் அறையொன்றில், ராபர்ட் ஜான்சன் என்னும் கறுப்பின இளைஞர் ஒற்றைக் கிதாருடன் அமர்ந்து இதனை ஒலிப்பதிவு செய்தார். மறு ஆண்டு சூன் மாதம் டல்லசு நகரில் மேலும் சில பாடல்களைப் பதிந்தார். இரண்டு முறையும் சேர்த்து அவர் விட்டுச்சென்ற பாடல்கள் 29 மட்டுமே. 1938 ஆகஸ்டு 16-ஆம் நாள் மிசிசிப்பியில் மறைந்தார், வயது 27. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் அவரைப் பாடவைக்க எண்ணித் தேடிய ஜான் ஹாமண்டு என்பவர், அவர் இறந்த செய்தியை அறிந்து, அவருடைய இசைத்தட்டுகளையே மேடையில் ஒலிக்கச் செய்தார். உலகம் அவரை நன்கறிந்தது அதற்கும் பிற்பாடு, 1961-இல் அவர் பாடல்கள் நீள்தட்டாக வந்தபோதுதான்.

மெட்டு முழுதும் அவருடைய சொந்தப் படைப்பும் அன்று. ஸ்க்ராப்பர் பிளாக்வெல் 1928-லும், கோகோமோ ஆர்னால்டு 1934-லும் கோகோமோ என்னும் ஊரின் பெயரால் பாடிய பாட்டையே ஜான்சன் எடுத்து, ஊர்ப்பெயரை மாற்றிப் புதுக்கினார். நம் நாட்டுப்புறத்தில் ஒரு தெம்மாங்கு ஊர்க்கு ஊர் பெயர் மாறி நடப்பதில்லையா? அவ்வாறே என்க.

இனி, ஏன் சிகாகோ? அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்த பின்னும், பருத்திக் காட்டில் குத்தகைக் கூலியாய், கடனில் பிறந்து கடனில் இறந்தவர்கள் அம்மக்கள். 1910-க்கும் 1970-க்கும் இடையே ஏறத்தாழ 60 இலட்சம் பேர் தெற்கை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். மிசிசிப்பியிலிருந்து இல்லினாய் சென்ட்ரல் ரெயிலேறினால் இறங்குமிடம் சிகாகோ. அங்கே ஆலைகள் இருந்தன, இறைச்சிக் கூடங்கள் இருந்தன, வாரக்கூலி கையில் கிடைத்தது. வேடிக்கை என்னவெனில், "இனிய இல்லம்" என்று இப்பாட்டு அழைப்பது பிறந்த ஊரை அன்று. இன்னும் போய்ச் சேராத ஊரை! புலம்பெயர்ந்தோர் பாட்டென்றால் விட்டுவந்த ஊரை எண்ணி உருகுவதே வழக்கம். நாமும் ஆண்டுதோறும் இம்மேடையில் தாமிரபரணியையும் காவிரியையும் பாடியே மகிழ்கிறோம். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் செங்கோட்டை வழியாகவும் இக்கொச்சி நாட்டுக்கு வண்டியேறிய நம் பாட்டன்மார், வண்டி புறப்பட்ட அன்று எதனை எண்ணியிருப்பார்கள்? திருப்பூணித்துறை என்னும் பெயரே அன்று அவர்களுக்கு ஒரு சிகாகோவாக இருந்திருக்கும் அன்றோ?

செயற்குழுவில் வந்த முதல் மறுப்பு, கிதார் அயல்நாட்டுக் கருவி என்பது. இதற்கு நெடுநேரம் விடை கூற வேண்டுவதில்லை. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கையில் எடுத்தபோது அதுவும் வெள்ளையர் கருவியே. மாண்டலினைக் கருநாடக இசைக்கு உரியதாக்கிய உ. ஸ்ரீநிவாஸை நாம் போற்றவில்லையா? கிதாரிலேயே கருநாடக இசை வாசிக்கும் பிரசன்னா இருக்கிறார். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜாவின் கிதார் ஒலியைக் கேளாத தமிழ் வீடும் இல்லை. அருகிலுள்ள கொச்சிக் கோட்டையில் பிறந்த யேசுதாஸ், நம் ஊர் ஆர். எல். வி. இசைப்பள்ளியில் பயின்றுதான் பாட்டுலகுக்குப் புறப்பட்டார். இந்த மண் எவ்விசைக்கும் கதவடைத்ததில்லை.

இரண்டாம் மறுப்பே சிந்தைக்குரியது. மாணவன் ஒருவன் வீட்டில் இசைத்தட்டு ஒலித்தபோது, அவன் பாட்டியார் கேட்டுவிட்டு, "இது ஒப்பாரியடா, விளக்கு வைக்கும் வேளையில் பாடாதே" என்றாராம். அம்மூதாட்டி ஆங்கிலம் அறியார். ஆயினும் அவர் செவி பொய் சொல்லவில்லை. புளூஸ் என்னும் இசை வகையில் முதலடியை ஒருமுறை பாடி, மறுபடியும் அதையே பாடி, மூன்றாம் அடியில் விடை கூறுவர். அடி மடங்கி வருவதும், குரல் மேலிருந்து சரிந்து இறங்குவதும், ஒவ்வோர் அடிக்கும் பின் இசைக்கருவி தேம்புவதும் ஒப்பாரியை நினைவூட்டவே செய்யும். ஆனால் இப்பாட்டில் இறந்தவர் எவருமில்லை. "வா, போவோம்" என்று ஒருவரை ஒருவர் அழைக்கும் பாட்டு இது. துயரின் பண்ணை எடுத்துக்கொண்டு புறப்பாட்டுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாட்டியாரிடம் இதனைப் பேரன் எடுத்துச் சொன்ன பின், "அப்படியானால் வாசலில் உட்கார்ந்து வாசி" என்று உத்தரவு கிடைத்தது. இன்று அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விழைகிறோம். இசை பயின்றோர் இங்கு பலர் உளர், அவர்கட்கு இது சுவைக்கும். கிதாரின் ஆறு தந்திகளையும் மீட்டினால் தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்திவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பன மேலைநாட்டுப் பெயர்கள. முதல் தந்தியைச் சட்சமாகக் கொண்டு பாருங்கள்: சட்சமம், சுத்த மத்திமம், கைசிகி நிடாதம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், மீண்டும் சட்சமம். வரிசைப்படுத்தினால் ச க ம ப நி. சுத்த தன்யாசி! ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் "ஹிமகிரி தனயே" அறிந்த நம் பெண்பிள்ளைகள், விரல் ஒன்றும் வையாத வெறுந்தந்தியிலேயே அந்த இராகத்தின் ஐந்து சுரங்களும் கிடப்பதைக் கண்டு வியந்தார்கள். புளூஸ் பாடகனின் குரல் பெரும்பாலும் இவ்வைந்து சுரங்களிலேயே உலாவுகிறது.

எனினும் அது சுத்த தன்யாசி ஆகிவிடாது. சிக்கல் காந்தாரத்தில் இருக்கிறது. குரல் சாதாரண காந்தாரத்தைத் தொடும்போது, கீழே கிதாரின் சுரக்கூட்டு அந்தர காந்தாரத்தை ஒலித்துக்கொண்டிருக்கும். நம் இசையில் இதனை அபசுரம் என்று கழித்துவிடுவோம். அவர்களோ அவ்வுரசலிலேதான் சுவையை வைத்திருக்கிறார்கள். பாடுவோர் குரல் இரண்டு காந்தாரங்களுக்கும் இடையே, எந்த வீட்டிலும் நிலையாகக் குடியேறாமல் நிற்கும். கிதாரில் இதனைக் காட்ட இரண்டு வழிகள் உள. மூன்றாம் தந்தியை வெறுமனே மீட்டி, ஒலி அடங்குமுன் முதல் மெட்டின்மேல் விரலைத் தட்டினால், சாதாரண காந்தாரம் அந்தரத்துக்குத் தாவும். அல்லது, மெல்லிய தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தி வீணையில் இழுப்பதுபோல் சிறிதே பக்கவாட்டில் இழுக்க வேண்டும். வீணை பயின்ற பெண்ணுக்கு இது ஒரே நாளில் வந்துவிட்டது. ஏனைய இருவருக்கும் மூன்று வாரம் ஆயிற்று; கமகம் அறிந்த கைக்கும் அறியாத கைக்கும் உள்ள வேற்றுமையை அன்று கண்டோம்.

தாளம் எளிது. ஒரு செய்யுளுக்குப் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு நான்கு அட்சரம், ஆக 48. ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம், அடிக்கு இரண்டு ஆவர்த்தனம் வீதம். (நம் பூர்ணத்ரயீசர் கோவில் விருச்சிக உற்சவத்துப் பஞ்சாரி மேளத்திலும் இரண்டாம் காலத்துக்கு 48 அட்சரமே. எண் ஒன்றுபட்டது தற்செயல். அதனின்று கதை கட்ட வேண்டா.) முதல் நான்கு கட்டம் ஈ என்னும் கூட்டு, ஐந்தும் ஆறும் ஏ, ஏழும் எட்டும் மீண்டும் ஈ, ஒன்பதில் பி, பத்தில் ஏ, கடைசி இரண்டில் ஈ-க்குத் திரும்பி, மறுசெய்யுளுக்கு வழிவிடும் ஓர் இறக்கம். பயிற்றுவிப்போர் பொதுவாகத் தரும் அமைப்பு இது.

நடைதான் பலரை இடறவைப்பது. ஒவ்வோர் அட்சரமும் மூன்றாகப் பிரிந்து, முதலிரண்டும் சேர்ந்து நீண்டு, மூன்றாவது மட்டும் தனியே துள்ளும். "தகிட" என்பதில் நடுவெழுத்தை மனத்துள் அடக்கிச் சொல்லிப் பாருங்கள், அதுவே. கட்டைவிரல் தடித்த தந்தியில் சட்சமத்தை அடித்துக்கொண்டேயிருக்க, அடுத்த தந்தியில் சுட்டுவிரல் இரண்டாம் மெட்டில் பஞ்சமத்தையும், மோதிரவிரல் நான்காம் மெட்டில் தைவதத்தையும் மாறி மாறித் தொடும். பியானோ வாசிப்போரின் இடக்கை ஓட்டத்தைக் கிதாரில் கொண்டுவந்த உத்தி இது. இங்கிலாந்தின் கீத் ரிச்சர்ட்ஸ் ஜான்சனின் தட்டை முதன்முதற் கேட்டபோது, உடன் வாசிப்பவர் யாரென்று வினவினாராம்; ஒருவரே வாசிக்கிறார் என்பதை நம்ப இயலவில்லை.

மூவருள் ஒருவன் கொச்சிக் கோட்டைப் பக்கம் வேளியிலுள்ள சலவைத்துறையைச் சார்ந்த குடும்பத்துப் பிள்ளை. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வருவிக்கப்பட்டவர் வழியினர் என்று சொல்லப்படும் அக்குடும்பங்கள் இன்றும் அங்கே கல்லில் துணி அடித்துப் பிழைக்கின்றன. துணி மேலெழும் நேரம் நீளம், கல்லில் விழும் நேரம் குறுக்கம். மட்டாஞ்சேரியில் இவர்கட்குக் கிதார் சொல்லிக்கொடுக்கும் ஆசான் இந்நடையை விளக்கத் தொடங்குமுன்னே, "இது எங்கள் கல்லடி" என்று அவன் வாசித்துவிட்டான். மற்ற இருவரும் அவனிடமே கற்றனர். வேலை செய்யும் கைகளின் மூச்சிலிருந்து பிறந்த இசையைக் கற்க, இதைவிடத் தகுந்த ஆசிரியன் எங்கே கிடைப்பான்?

ஆசிரியரைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று கூறுவோம். ஜான்சன் நள்ளிரவில் நாற்சந்தியில் நின்று சாத்தானுக்கு ஆவியை விற்றுக் கலையைப் பெற்றார் என்றொரு கதை உலகெங்கும் உலவுகிறது. அந்நாளில் அவர்கள் தேவாலயங்களிலும் புளூஸ் பாட்டைச் சாத்தானின் பாட்டென்றே இகழ்ந்தனர். மறுப்பு நம் செயற்குழுவுக்கு மட்டும் உரியதன்று. கதையின் வேர் இது: இளமையில் அவர் கிதாரைத் தொட்டால் கேட்போர் காதைப் பொத்திக்கொண்டனர் என்று மூத்த பாடகர் சன் ஹவுஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். சிலகாலம் காணாமற்போய்த் திரும்பியவர், எவரும் வியக்க வாசித்தார். உண்மையில் அவர் சென்றது பிறந்த ஊராகிய ஹேசில்ஹர்ஸ்டுப் பக்கம். அங்கே ஐக் சிம்மர்மன் என்னும் கைதேர்ந்தவரிடம் குருகுலவாசம் போலத் தங்கிப் பயின்றார். யாருக்கும் இடையூறின்றி வாசிக்க இருவரும் இரவில் இடுகாட்டுக்குப் போய் அமர்வதுண்டு. சாத்தானின் பெயரை உலகறியும். ஐக் சிம்மர்மன் பெயரை அறிந்தோர் சிலர். இக்கூட்டத்திலேனும் அப்பெயர் ஒலிக்கட்டும்.

பாட்டின் சொற்களைத் தமிழாக்கிப் பாடலாமே என்று அன்பர் சிலர் கூறினர். நாம் இசையவில்லை. அச்சொற்கள் ஒரு மக்கள் கூட்டம் பட்ட பாட்டின் சொற்கள். அவர்கள் துயரை நாம் உடுத்திக்கொண்டு நடிப்பது முறையன்று. எனவே முதலிரண்டு செய்யுள் கருவியில் மட்டும் ஒலிக்கும். மூன்றாவதை வீணை பயின்ற பெண் அவர்கள் மொழியிலேயே பாடுவாள். நான்காவதில், குரல் இருக்கவேண்டிய இடத்தை வெறுமனே விட்டிருக்கிறார்கள். அங்கே சலவைத்துறைப் பிள்ளை கல்லடித் தாளத்தைக் கிதாரின் மரத்தில் தட்டுவான். அது பிள்ளைகள் தாமே கண்ட முடிவு, நாம் கைவைக்கவில்லை.

உருக்குத் தந்தி நம் ஊர் உப்புக்காற்றில் விரைவில் துருவேறும். மழை ஈரத்தில் சுருதியும் நழுவும். இன்று காலை புதுத்தந்தி மாற்றியிருக்கிறார்கள். புதுத்தந்தி இன்னும் மோசமாக இறங்கும். ஆகவே மூவரும் திரைக்குப் பின்னே சுருதி கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் பொறுத்தருளுங்கள். இடையே பன்னிரண்டாம் கட்டத்தில் இசை இறங்கி நிற்பதுபோல் தோன்றும்; அது முடிவன்று, கைதட்டிவிடாதீர்கள். இதோ, திரை அசைகிறது.