பெண்கள் நலமும் நாளமில்லாச் சுரப்பிகளும்



பெண்களின் உடல்நலம் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். இது மாணவியர் மட்டும் கேட்கவேண்டிய பேச்சன்று. அன்னைக்கு மகனாகவும் தங்கைக்கு அண்ணனாகவும் வாழும் மாணவர்களும் கேட்கவேண்டும்.

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் எனப்படும் உறுப்புகள் உள்ளன. கழுத்தில் உள்ள தைராய்டு, சிறுநீரகங்களின்மேல் உள்ள அட்ரினல், பெண்களுக்குரிய சூலகம் ஆகியவை அவற்றுட் சில. இவை தாம் சுரப்பதை நேரே குருதியில் கலந்துவிடுகின்றன. அச்சுரப்புக்கு 1905ஆம் ஆண்டில் ‘ஹார்மோன்’ என்று பெயரிட்டவர் இங்கிலாந்து நாட்டு உடலியல் அறிஞர் ஸ்டார்லிங். தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

தலைமையாசிரியர் விடுக்கும் சுற்றறிக்கை எல்லா வகுப்புகளுக்கும் செல்கிறது. ஆனால், பத்தாம் வகுப்புக்குரிய கட்டளையைப் பத்தாம் வகுப்பே நிறைவேற்றுகிறது. ஹார்மோனும் குருதியோடு உடலெங்கும் சென்று, தனக்குரிய உறுப்பை மட்டுமே பணிகொள்கிறது. வளர்ச்சி, மாதவிலக்கு, உறக்கம், எலும்பின் உறுதி யாவும் இச்சுற்றறிக்கைகளைச் சார்ந்தவையே.

சுரப்பிகள் செவ்வனே இயங்க உணவு எவ்வாறு துணைசெய்கிறது? தைராய்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஹார்மோனுக்கு அயோடின் இன்றியமையாதது. நாள்தோறும் வளர்ந்தவர்க்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம். கருவுற்ற தாய்க்கு 250. அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை தோன்றும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். இமயமலைச் சாரலில் உள்ள காங்கிரா பள்ளத்தாக்கில் மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடன் பணியாற்றியோரும் 1956இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அயோடின் கலந்த உப்பு வழங்கப்பட்ட பகுதிகளில் கழலை நோய் பெரிதும் குறைந்ததை அவ்வாய்வு காட்டிற்று. 1962இல் நம் அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

கடலில் விளைந்ததாயிற்றே, கல்லுப்பில் அயோடின் இராதா என்று கேட்பீர்கள். இயல்பான கடலுப்பில் அது மிகச் சிறிதளவே உண்டு. ஆகவே அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். அடுப்பருகில் திறந்து வைக்காமல் மூடிவையுங்கள். ஆயினும், அதிக உப்பு தீங்கே. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மிகவேண்டா.

அடுத்தது, கணையம் சுரக்கும் இன்சுலின். மகப்பேற்றுப் பருவத்துப் பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, நீர்க்கட்டி என்று பலர் வழங்கும் சூலகக் கோளாறு உள்ளது. அவர்களுள் பலருக்கு இன்சுலின் மிகுதியே சூலகத்தின் ஒழுங்கைக் குலைத்து, மாதவிலக்கைத் தவறச் செய்கிறது. இனிப்புப் பானங்களையும் மைதாப் பண்டங்களையும் குறைத்து, பயறு, கீரை, காய்கறி, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றைச் சேர்த்தலும் நாள்தோறும் உடலுழைப்பும் இதற்கு நல்ல துணை. பள்ளிப் பருவத்தார்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். விளையாட்டு வகுப்பில் பெண்களை ஓரமாக அமர்த்திவைத்தல் நன்றன்று.

பூப்பெய்திய பெண்ணுக்கு உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். வளரும் பெண்ணுக்கு ஊட்டம் வேண்டும் என்ற அக்கறை அதில் விளங்குகிறது. ஆனால், அந்தச் சில நாள்களுக்குப் பின் அவள் தட்டை யார் பார்க்கிறார்கள்? எல்லாரும் உண்ட பின்னரே அன்னை உண்கிறாள். மகளும் அதையே கற்கிறாள். காலை வழிபாட்டில் மயங்கி விழுந்த மாணவியரை நான் பலமுறை வினவியதுண்டு. “நேரமில்லை ஐயா, காப்பி மட்டும் குடித்தேன்” என்பதே பெரும்பாலும் விடையாக இருந்தது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் குருதிச்சோகை உடையவர்கள். இரும்புச்சத்துக் குறைந்தால் தைராய்டின் வேலையும் தளர்கிறது.

உறக்கமும் உணவைப் போன்றதே. தேர்வுக்காக இரவெல்லாம் விழித்தால் பசியையும் மனக்கலக்கத்தையும் ஆளும் ஹார்மோன்கள் நிலைகுலையும்.

இவ்வளவும் துணையே அன்றி மருத்துவமன்று. மாதவிலக்குப் பல திங்கள் தவறினாலோ, அளவுக்கு மிஞ்சினாலோ, காரணமின்றி எடை கூடினாலோ குறைந்தாலோ, அன்னையிடம் கூறுங்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. பல்வலியைச் சொல்ல நாம் வெட்கப்படுகிறோமா?

மாணவர்களே, இன்றிரவு அன்னையையும் தங்கையையும் உங்களோடு ஒரே பந்தியில் உண்ண அழையுங்கள். பரிமாறும் வேலையை நீங்களும் பகிர்ந்துகொள்ளுங்கள். வீட்டுப் பெண்களின் நலம் காக்கும் முதற்பாடம் அதுவே.