காண்ட்ராக்ட் ஆள் என்றால் கணக்கில் வராதா?



செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குக் காயம் பட்டால் நிர்வாகம் முதலில் என்ன சொல்கிறது? "அவர் எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள்." மருந்தடித்த அம்மா இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்று ஆபீஸ் வாசலில் போய் நின்றால்? அங்கேயும் அதே பதில். நிலம் அவர்களுடையது. மரம் அவர்களுடையது. ஆலைக்குப் போகிற குலை, எடை போட்ட நிமிடத்திலிருந்து அவர்களுடையது. வெட்டிய கை மட்டும் யாருடையதோ தெரியாதாம்! இந்தப் பதிலைச் சட்டம் ஏற்கவில்லை என்று சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

நம் மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 33-ஆவது பிரிவு இருக்கிறது. குத்தகையாளர் சம்பளம் கொடுக்கவில்லையா? வேலையைக் குத்தகைக்கு விட்ட நிறுவனமும் சேர்ந்தே பொறுப்பு. தொடர்ந்து மூன்று மாதச் சம்பளம் வரைக்கும் அந்த நிறுவனத்திடமே கேட்கலாம். ஆனால் சம்பளம் தர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். "அடுத்த மாதம் பார்ப்போம், தீபாவளிக்குச் சேர்த்துத் தருகிறேன்" என்று குத்தகையாளர் ஏன் இழுத்தடிக்கிறார் என்று இப்போது புரிகிறதா? அந்தத் தவணை உங்கள் உரிமையைத் தின்றுவிடுகிறது.

பாதுகாப்புக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையைக் குத்தகைக்கு விடுகிற நிறுவனம், குத்தகையாளரின் ஆட்களுடைய பாதுகாப்புக்கும் கடமைப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. கடமை தவறிய முதலாளிக்கு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் இன்று 500,000 ரிங்கிட். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அந்த இடத்தை விட்டு விலகிப்போகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. மின்கம்பிக்குக் கீழே அலுமினியக் கம்பை நீட்டிக் குலையை இழு என்று மண்டோர் சொன்னால், மாட்டேன் என்று சொல்லுங்கள். சட்டம் உங்கள் பக்கம். சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்ற விதியோ முதலிலிருந்தே இருக்கிறது. பூட்ஸுக்கும் கையுறைக்கும் சம்பளத்தில் வெட்டுகிறவர்களே, எந்தச் சட்டத்தைக் காட்டி வெட்டுகிறீர்கள்?

தாய்மார்களே, மருந்தடிப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதுகில் பம்பு, மூடியோரம் கசிவு. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ரவிக்கை நனைந்து, வெயில் ஏற ஏற அது உடம்பிலேயே காயும். நகம் கறுத்துக் கழன்று விழும், மூக்கில் ரத்தம் வடியும். அந்தக் கையாலேயே சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் கை கழுவத் தண்ணீர் லாரி வராது. கிராமக்சோன் என்று நாம் சொல்லும் பாராகுவாட் நஞ்சின் கதை இது. மருந்தடிக்கும் பெண்களின் இந்த வேதனையை 2002-இல் தெனாகனிதா அமைப்பு ஆய்வாக வெளியிட்டது. அதை வழிநடத்திய ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரை இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன். அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். அம்மையார் 2014-லேயே மறைந்துவிட்டார். இடைப்பட்ட காலத்தில் மருந்தடித்த நம் பெண்களின் நுரையீரலுக்கு யார் கணக்குச் சொல்வது?

இதையெல்லாம் சரிசெய்யக் காசு இல்லை என்கிறது நிர்வாகம். 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் ஒரு டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியதே, அப்போது எத்தனை தோட்டத்தில் ஒழுகுகிற பம்பை மாற்றினார்கள்?

இந்த மண்ணுக்கு ஒரு பெருமை சொல்வார்கள். நாட்டிலேயே முதன்முதலாக வாணிப முறையில் செம்பனை நட்டது இதே கோல சிலாங்கூரில், தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். நட்ட துரை ஹென்றி ஃபோக்கோனியே பின்னாளில் நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். அந்தக் காலத்தில் நமக்கும் துரைக்கும் நடுவே கண்காணி நின்றார். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் எத்தனை பேரை நிறுத்தினாரோ அத்தனைக்கும் தலைக்காசு அவருக்கு. இன்றைய குத்தகையாளர் அந்தக் கண்காணியின் வாரிசு. ஒரே வித்தியாசம், அன்று கண்காணிக்குப் பின்னால் துரை இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் 1941-இல் தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் காலத்து வேலைநிறுத்தம் நேராகத் துரைமாரையே கேட்டது: சம்பளத்தை உயர்த்து, கள்ளுக்கடையை மூடு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழி! பட்டாளத்தை இறக்கினார்கள், சுட்டார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். ஆனால் எங்கள் ஆள் இல்லை என்று அன்று எந்தத் துரையும் சொல்லவில்லை.

இன்று அந்தப் பெரட்டில் நம்மைவிட அதிகமாக நிற்பவர் வங்காளதேசத்துக்காரரும் இந்தோனேசியரும் நேபாளியும்தான். "அவன் வந்துதான் நம் கூலி குறைந்தது" என்று நம்மில் சிலர் பேசுவது என் காதுக்கும் வருகிறது. வேண்டாம், தோழர்களே. கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு, பாஸ்போர்ட்டையும் பறிகொடுத்து நிற்கிறவருடைய நிலைமை நம் பாட்டனுடைய நிலைமை. கூலியைக் குறைத்தவர் அவரா, அவரை அந்த நிலையில் வைத்திருப்பவரா? 2020-இல் கட்டாய உழைப்புக் குறிகள் தெரிகின்றன என்று அமெரிக்கச் சுங்கத் துறை எஃப்ஜிவி, சைம் டார்பி பிளாண்டேஷன் என்ற இரண்டு தோட்ட நிறுவனங்களின் எண்ணெயையும் தடுத்து நிறுத்தியது. அதன்பிறகுதான் சைம் டார்பி, ஏஜெண்டுக்குக் கட்டிய காசைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. நம் நாட்டுச் சட்டம் இங்கேயே சாதித்திருக்க வேண்டிய காரியம் இது!

அமலாக்க அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்துக்கு வரும்போது முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஆபீஸில் தேநீர் குடித்துவிட்டு ஃபைலை மட்டும் புரட்டாதீர்கள். மருந்து கலக்கும் இடத்துக்கு நடந்து வாருங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சம்பளச் சீட்டு இல்லையென்றால் வேலை செய்த நாள், வெட்டிய குலை, மண்டோர் பெயர், குத்தகையாளரின் லாரி எண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவையுங்கள். காயம் பட்டால் கிளினிக்கில் "வேலையில் பட்டது" என்று சொல்லிப் பதிய வையுங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். சம்பளம் நிலுவையில் இருப்பவர்கள் இன்று இரவு வீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள். மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். 90 நாள் இன்னும் முடியாதவர்கள் முதலில் வாருங்கள். புகாரில் குத்தகையாளர் பெயருக்குக் கீழே தோட்ட நிறுவனத்தின் பெயரையும் சேர்த்தே எழுதப் போகிறோம்.