நீரைப் படித்தவர்



களுபோவிலையில் வாழும் நாம் தெகிவளைக் கால்வாயைப் பல முறை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருக்கின்றோம். நின்று உற்று நோக்கியவர் எத்தனை பேர்? நீரையும் அதில் வாழும் உயிர்களையும் நோக்குவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் நம் நாட்டவரான பேராசிரியர் ஸி. எச். பெர்னாண்டோ. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திற் பணியாற்றியபோதும் இலங்கைக் குளங்களை அவர் ஆராய்ந்து வந்தார்.

நம் நாட்டிற் பெரிய இயற்கை ஏரிகள் இல்லை. பெருங்குளங்கள் மனிதர் கட்டியவை. ஆற்றிலே வாழப் பழகிய நம் மீன்களுட் பல குளத்தின் பரந்த நீருக்கு ஏற்றவையல்ல. 1952இல் ஆபிரிக்கத் திலாப்பியா கொண்டுவரப்பட்டபின் குள மீன்பிடி பெருகியதன் காரணத்தை அவர் இவ்வாறு விளக்கினார். இலங்கையின் நன்னீர் உயிரினங்களைப் பற்றிய அவரது நூல் 1990இல் வெளிவந்தது.

நீரின் தரத்திற்கு அதில் வாழும் சிற்றுயிர்களே சாட்சி. கழிவு சேர்ந்தால் நுண்ணுயிர்கள் பெருகி ஒட்சிசனைத் தீர்த்துவிடும். மென்மையான பூச்சிக் குடம்பிகள் மடியும். செந்நிறப் புழுக்களே மிஞ்சும். இரசாயனச் சோதனை அன்றைய நிலையைக் காட்டும். உயிர்களோ பல மாதக் கதையைக் கூறும்.

தீர்த்தமென்று நீரைத் தலையில் தெளிப்பவரும் நாமே. பூசைப் பூவைப் பொலித்தீன் பையோடு கால்வாயில் எறிபவரும் நாமே. அதை இன்றே நிறுத்துவோம். பெற்றோர்களே, வைத்தியமும் பொறியியலும் மட்டுமே படிப்பல்ல. உங்கள் பிள்ளை நீரைப் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். அந்தக் கால்வாய்க்கும் ஒரு வைத்தியர் வேண்டும்.