குதிரைக்குப் பல் வலியா? குறடை எடுக்காதீங்க, 1962-க்குக் கூப்பிடுங்க!

(மண்டபத்தில் குதிரை வளர்ப்போரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு சொல்வாங்க. ஆனா, நீங்க காசு கொடுத்து வாங்கி, அதோட உழைப்பில் குடும்பம் நடத்துற குதிரையின் பல்லைப் பார்க்காம இருக்கலாமா?

13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் தாண்டி வந்த அரபுக் குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் செத்துப்போனதை எழுதியிருக்கிறார். இன்றைக்கு நமக்கு அந்த நிலைமை இல்லை. மருத்துவர் இருக்கார், கூப்பிட எண்ணும் இருக்கு.

குதிரைப் பல் நம்ம பல் மாதிரி இல்லைங்க. ஈறுக்குள் நீளமாகப் புதைந்திருக்கும் பல், வருஷத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டே இருக்கும். மென்று மென்று தேயும். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் தேய்மானம் சமமாக இருக்காது. மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். கீழ்ப் பல்லின் உள் ஓரம் நாக்கைக் கிழிக்கும். புல், வைக்கோல் குறைத்து வெறும் தானியமாகப் போட்டால் இது அதிகமாகும்.

இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்:

• பாதி மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்புவது
• லத்தியில் முழுக் கொள்ளு கிடப்பது
• தலையைச் சாய்த்து மெல்லுவது, கடிவாளத்துக்கு முரண்டு பிடிப்பது
• ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி
• உடம்பு இளைப்பது

பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத் தேவையே இருக்காது. மருத்துவர் அரத்தால் கூர் ஓரங்களைத் தேய்த்துவிட்டாலே போதும். ஆட்டம் கண்ட, உடைந்த, சீழ் பிடித்த பல்லைத்தான் எடுப்பார்கள். அதுவும் எக்ஸ்ரே பார்த்து, மயக்கமும் மரப்பு ஊசியும் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித்தான். சில நேரம் மணிக்கணக்கில் ஆகும். கயிற்றால் கட்டிப்போட்டுக் குறடால் இழுத்தால் வேர் உள்ளேயே முறியும், தாடையும் உடையலாம். குதிரைக்கு ரணஜன்னி சுலபமாக வரும். தடுப்பூசி போட்டிருக்கான்னு கேளுங்க. வாயில்லா ஜீவனைக் கொடுமைப்படுத்துவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

ஒரு பல்லை எடுத்த பிறகு, எதிர்ப் பல் தேயாமல் நீண்டுகொண்டே போகும். 'பல்லைத்தான் எடுத்தாச்சே'ன்னு விட்டுடாதீங்க; மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அதைத் தேய்த்துவிடணும்.

நம்ம ஊர் மணல் பூமி. தீவனத்தைத் தரையில் கொட்டாமல் தொட்டியில் போடுங்க. மணல் பல்லைத் தேய்க்கும். வயிற்றில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தான வலி வரும்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது பல் பரிசோதனை செய்யுங்க. 5 வயதுக்குள் பால் பல் விழுந்து நிலைப் பல் முளைக்கும் என்பதால், இளங்குதிரைக்கு 6 மாதத்துக்கு ஒரு தடவை. அந்தத் தேதியைக் கைப்பேசியில் அலாரமாகப் போட்டு வையுங்க. குதிரை மெல்லும் விதத்தை வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டினால், அவருக்கு உதவியாக இருக்கும்.

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம். போக முடியலைன்னா, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962. இப்பவே சேமிச்சுக்கோங்க.