பித்தளைக் கோதும் பெருமழைக் காலமும்

கற்பிட்டிக் குடாநாட்டிலே ஒரு புறம் பெருங்கடல். மறு புறம் புத்தளம் களப்பு. இரண்டிற்கும் நடுவே வீசும் உப்புக் காற்றிலே, இன்று துலக்கி வைத்த குத்துவிளக்குச் சில நாட்களில் மங்கிவிடும். மூலைகளிலே பச்சைக் களிம்பும் பிடித்துவிடும். இதனை அக்கடலோரத்துப் பெண்கள் அனைவரும் அறிவர். ஆனால், பித்தளை மங்குவது வேறு, வெடிப்பது வேறு. எவரும் தொடாதிருக்கவும் பித்தளை தானே கீறிப் பிளப்பதுண்டு. அதனை விளக்கத் துவக்கு ரவையின் கோதே நல்ல உதாரணம்.

கோது செய்யும் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு. 30 பங்கு நாகம். தகட்டிலிருந்து வெட்டிய வட்டத்தைக் கிண்ணமாக அழுத்தி, அச்சுகளினூடே பலமுறை இழுத்துக் குழாயாக்குகிறார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் விறைத்துப் போகிறது. ஆகவே இடையிடையே உலையிற் காய்ச்சி அவ்விறைப்பைத் தணிக்கிறார்கள்.

ரவை வெடிக்கும்போது கோது விரிந்து துவக்கின் உட்சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிப் பாயாதபடி அடைக்கிறது. மறுகணமே சற்றுச் சுருங்கி இலகுவாக வெளியே வருகிறது. கோதிலே கீறல் இருப்பின் அவ்வடைப்புக் கெட்டுவிடும். கொதிக்கும் வாயு சுடுகிறவரின் முகத்தை நோக்கியே திரும்பக் கூடும்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த படையினர் மழைக் காலத்திலே ரவைகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தனர். பின்னர் எடுத்துப் பார்த்தபோது பல கோதுகளின் கழுத்து வெடித்திருந்தது. மழைப் பருவத்தில் நேர்ந்தமையால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வந்தது. 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் இதனை ஆராய்ந்து காரணத்தை விளக்கினர். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா ஈரத்தோடு கூடிப் பித்தளையைத் தாக்குகிறது. ஆயினும் அமோனியா மட்டும் போதாது. உலோகத்தினுள்ளே இழுவிசை தேங்கியிருக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்று சேர்ந்தாலே வெடிப்பு உண்டாகும். வலிமை குறையாதபடி மிதமாகக் காய்ச்சி அவ்விசையைப் போக்கிவிடுவதே பரிகாரம்.

சில நாடுகளிலே குறிபார்த்துச் சுடும் விளையாட்டினர், சுட்ட கோதையே மீண்டும் பயன்படுத்துவர். அதனைத் துடைத்து, கீறல் உண்டா என நோக்கி, அச்சிலிட்டுப் பழைய அளவுக்கு நெருக்கி, நீண்டுவிட்ட வாயை நறுக்கிச் சீராக்குவர். பல தடவை சுட்டு விறைத்த கழுத்தை மட்டும் காய்ச்சித் தணிப்பர். அடிப்பாகத்தை ஒருபோதும் காய்ச்சுவதில்லை. அழுத்தத்தைத் தாங்குவது அதுவே. அமோனியா கலந்த மினுக்குத் திரவங்களையும் அவர்கள் தீண்டுவதில்லை.

நமது நாட்டிலே உரிமமின்றி வெடிமருந்து தயாரிப்பது சட்டவிரோதம். ஆகவே அவ்வேலையைச் செய்யுமாறு நான் கூறவில்லை. எனினும் வில்பத்துக் காட்டின் அருகே, பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமம் பெற்றுத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் சிந்திக்க வேண்டிய விடயம் இதிலுண்டு. அந்த ரவைகள் எங்கே கிடக்கின்றன? யூரியாப் பசளை மூடையின் மேலா? மாட்டுக் கொட்டிலின் இறப்பிலா? யூரியா ஈரமண்ணிலே சிதைந்து அமோனியாவைத் தருகிறது; கொட்டிலிலும் அதே அமோனியா எழுகிறது. நாம் அறியாமலே பழைய குதிரை லாயத்தை நம் குடிசையில் அமைத்துவிடுகிறோம்.

ஆதலால் ரவைகளை ஈரம் புகாத தகரப் பெட்டியிலே, பசளைக்கு எட்டத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள். பச்சைக் களிம்பேறியதை, கீறல் விழுந்ததைச் சுட வேண்டாம். சுரண்டிப் பார்க்கவும் வேண்டாம். பொலிஸாரிடம் அறிவித்து அவர்கள் சொன்னபடி ஒப்படையுங்கள். ஒரு ரவையின் விலையோடு ஒரு கண்ணின் விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் இதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை.

மீன்பிடித் துறைகளுக்கு ஐஸ் வழங்கும் ஆலைகளைப் பாருங்கள். அமோனியாவைக் கொண்டு குளிரூட்டும் இடங்களில் செம்பும் பித்தளையும் தவிர்க்கப்பட்டு, உருக்குக் குழாய்களே பூட்டப்படுகின்றன. லாயத்திலே கற்ற பாடம் அங்கேயும் பயன்படுகிறது. அப்பாடம் நமது வீட்டிலும் பயன்படட்டும்.