தீயணைப்பு வீரரின் உடல்நலம்

தீயணைப்பு வீரரின் உயிரைக் கவரும் பெரும்பகை எது என வினவினால், தீ என்றே விடையிறுப்பீர்கள். அப்பணியில் சேர்ந்த நாளில் நானும் அவ்வாறே எண்ணினேன். ஆனால், அமெரிக்காவில் பணியின்போது இறந்த தீயணைப்பு வீரர்களுள் 100க்கு 45 பேரை மாய்த்தது இதயநோயே என 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.

காரணம் வெளிப்படை. உறங்குபவர் மணியோசை கேட்டுத் துள்ளி எழுகிறார், நாடி விரைகிறது. 20 கிலோவுக்கு மேற்பட்ட உடையும் கருவியும் சுமந்து வெப்பத்தினுள் புகுகிறார். வியர்வையால் உடலின் நீர் குறைகிறது. பயிற்சியற்ற இதயம் இதனைத் தாங்குமா?

நான் நிலைய அலுவலராக இருந்தபோது, வீரர்கள் நாள்தோறும் ஓடவேண்டுமென ஆணையிட்டேன். நான் விடுப்பில் சென்ற மறுநாளே ஓட்டம் நின்றுவிட்டது. காரணம் கேட்டேன். மூத்த வீரர் ஒருவர், "ஐயா, தாங்கள் நிழலில் நிற்கிறீர்கள், நாங்கள் வெயிலில் ஓடுகிறோம்" என்றார். நாணினேன்.

மறுநாள் முதல் நானும் ஓடினேன், எல்லாருக்கும் பின்னால். கால் மணி நேரந்தான். ஆயினும் ஒருநாளும் தவறவில்லை. பின்னர் எனக்கு மாற்றல் வந்தது. ஓட்டம் நிற்கவில்லை என்று அம்மூத்த வீரர் கடிதம் எழுதினார்.

ஆணையால் தொடங்கியது தோழமையால் நிலைத்தது. நாளைக் காலையில் நீங்களும் ஒரு நண்பரை அழைத்துக்கொண்டு ஓடத் தொடங்குங்கள்.