காப்பாளனின் கையும் பதினெட்டு யார்க் கோடும்

(சங்க இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமயமும் தமிழும் பேசப்படும் இம்மேடையிலே உதைபந்தாட்டத்தைப் பற்றி நாம் பேச எழுந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும், நமது வன்னியிலே காணிப் பிணக்குக்கு அடுத்தபடியாக ஊருக்கு ஊர் மனத்தாங்கலை உண்டாக்குவது கோல் காப்பாளனின் கைதான் என்று நாம் துணிந்து கூறுவோம். சென்ற முறை இறுதியாட்டமொன்று இதனாலேயே குழம்பியது. இரண்டு ஊர்ப் பிள்ளைகள் இன்னும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. ஊர்ப் பெயர் வேண்டாம், இங்கிருப்போர் அறிவர்.

அன்று நடந்தது என்ன? காப்பாளனின் கால்கள் கோட்டுக்குள்ளே நின்றன. பந்தைப் பிடித்த கைகளோ வெளியே நீண்டிருந்தன. காலைப் பார்த்தோர் ஒரு கட்சி, கையைப் பார்த்தோர் மறு கட்சி. விதியோ பந்தை மாத்திரமே பார்க்கிறது. தனது தண்டப் பகுதிக்கு வெளியே பந்தைக் கையாற் தொட்டால், காப்பாளனும் மற்றப் பத்துப் பேரைப் போன்றவனே. எதிர்க்கட்சிக்கு நேரடி உதை கொடுக்கப்படும். அது பெனால்டியன்று. கோடும் பகுதியைச் சேர்ந்தது. பந்தின் சிறு பாகம் கோட்டின் மேல் நின்றாலும் அது உள்ளேதான்.

இந்தக் கோடு தொடக்கத்திலிருந்தே காப்பாளனைக் கட்டியதன்று. ஒரு காலத்திலே அவன் மைதானத்தின் தன் பாதி முழுவதிலும் பந்தைக் கையாளலாம். வேல்ஸ் தேசத்து ரூஸ் என்னும் காப்பாளர் பந்தைத் தட்டித் தட்டி நடுக்கோடு வரையும் ஓடிவிடுவாராம்! 1912ஆம் ஆண்டில் அவ்வுரிமை தண்டப் பகுதிக்குள் அடக்கப்பட்டது.

உள்ளேயும் எல்லாம் அனுமதியல்ல. தன் கட்சிக்காரன் வேண்டுமென்றே காலால் உதைத்து அனுப்பிய பந்தையோ, அவன் பக்கக் கோட்டிலிருந்து எறிந்து நேரே வந்த பந்தையோ காப்பாளன் கையால் எடுக்கலாகாது. தலையாலோ மார்பாலோ தட்டிக் கொடுத்தால் எடுக்கலாம். ஆனால் விதியை ஏய்க்கவென்றே அப்படிச் செய்தால் எச்சரிக்கை அட்டை கிடைக்கும். கால் தவறிப் பட்டுப் பின்னே வந்த பந்துக்குக் குற்றமில்லை. குற்றமானால் மறைமுக உதையே. இதற்கும் பெனால்டி கேட்டுக் கூச்சலிடுவது வீண்.

"நாங்கள் ஆடிய காலத்தில் பின்னுக்குத் தந்த பந்தைக் கையால்தானே எடுத்தோம்" என்று மூத்தவர்கள் சொல்வது முற்றும் உண்மை. 1956இலும் 1960இலும் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கோலைக் காத்த பீற்றர் தங்கராஜுக்கும் அவ்வுரிமை இருந்தது. 1990ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திலே காப்பாளரிடம் பந்தைக் கொடுத்துக் கொடுத்து நேரத்தைக் கொன்றதைக் கண்டு சலித்தபின், 1992இலேயே தடை வந்தது.

2025இல் இன்னொரு மாற்றம். பந்தைக் கையில் எட்டு விநாடிகளுக்கு மேல் வைத்திருந்தால் எதிர்க்கட்சிக்கு மூலை உதை. கடைசி ஐந்து விநாடிகளை மத்தியஸ்தர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டுவார். முன்னைய ஆறு விநாடி விதியை அனேகர் பொருட்படுத்தாமல் விட்டனர். இதை அப்படி விடமாட்டார்கள் என்றே எண்ணுகிறோம்.

இனி நமது மைதானத்துக்கு வருவோம். விதியை ஓதி என்ன பயன், கோடே இல்லாவிட்டால்? மாடுகள் மேய்ந்து, புழுதி பறந்து, பாதி ஆட்டத்திலேயே சுண்ணாம்பு அழிந்துவிடுகிறது. ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் பக்கவாட்டில் பதினெட்டு யார், அதாவது முப்பத்தாறு முழம்; மைதானத்துக்குள்ளும் அதேயளவு. வருகிற போட்டிக்கு முதல்நாள் மாலை இளைஞர் நால்வர் முழக்கயிறுடன் வரவேண்டும். சுண்ணாம்புக்குச் சங்கம் பணம் தரும். இடைவேளையிலும் ஒருமுறை கோட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம்.